உங்களுக்குத் தெரியுமா? – பாலம் தாண்டி வேலைக்கு

வேலைக்குப் போகும் கூட்டம் என்றதும் சென்னையின் மின்சார ரயிலும் படியில் தொங்கும் மாநகரப் பேருந்தும்தான் நம் கண்முன் வரும். ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கும் அக்காள்மடத்திலும் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் வேலைக்கோ படிக்கவோ போகிற இவர்கள் தினமும் ஒரு கடலைத் தாண்ட வேண்டும். அந்தப் பாதையைப் பற்றிச் சில செய்திகள்.

கட்டணம் வாங்கியதற்கு மரண தண்டனை

பாலம் வருவதற்கு முன் பாம்பன் கால்வாயை ஓடத்தில்தான் கடக்க முடியும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேது நாட்டை ஆண்ட விஜயரகுநாத சேதுபதியின் மருமகன் தண்டத்தேவர், அக்கரை போகும் யாத்திரிகர்களிடம் கட்டணம் வசூலித்தாராம். சேது யாத்திரைக்குக் காசு கேட்பது அடாது என்று மன்னர் அவருக்கு மரண தண்டனை விதித்தார். தண்டத்தேவரை மணந்திருந்த மன்னரின் மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்று இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 'அக்கரை போக எவ்வளவு?' என்ற கேள்வி இங்கே மூன்று நூற்றாண்டுப் பழையது.

பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு

மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் 1902லேயே வந்துவிட்டது. கடலைத் தாண்டி அது தீவுக்குள் வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் மேலெழும் தூக்குப் பாலம். அந்த அமைப்பு அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் பெயரைத் தாங்கியது. அதைத் திறந்து மூட மோட்டார் கிடையாது. பணியாளர்கள் நெம்புகோலைத் தள்ளிச் சுற்றித்தான் தூக்கினார்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு

பாலம் கட்டியது உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போவதற்காக அல்ல; இலங்கைக்குப் போகும் தபாலும் பயணிகளும்தான் காரணம். அதற்கு முன் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். 1914க்குப் பிறகு சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை 'போட் மெயில்' ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். தனுஷ்கோடிக்குப் போவதுதான் முதன்மைத் தடம். ராமேசுவரத்துக்குப் பாம்பனில் பிரிந்தது கிளைத் தடம். இதனால்தான் பாம்பன் அந்தக் காலத்தில் 'ஜங்ஷன்'.

கழுத்தில் தொங்கிய தகர வில்லை

இந்த வழியாக மிக அதிக தூரம் வேலைக்குப் போனவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். கங்காணி திரட்டி அழைத்துவந்தவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, தொற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தபின்தான் கடல் தாண்ட விட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் பொறித்திருந்தது ஆளின் பெயர் அல்ல, அவர் போக வேண்டிய தோட்டத்தின் எண். அந்த எண்ணைப் பார்த்துப் பயணச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினார்கள். அந்த வில்லைதான் டிக்கெட், அதுவேதான் கடன் சீட்டு. பழைய மண்டபம் முகாம் வளாகத்தில் பிற்காலத்தில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் தங்கவைக்கப்பட்டார்கள்.

ஒரே கம்பெனி, இரண்டு பாதை

போட் மெயிலை ஓட்டிய தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான் 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை விட்டது. குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளர்களும் காலையில் போய் மாலையில் திரும்புவதற்கென்றே அமைந்த பாதை அது. தாம்பரமும் பல்லாவரமும் அதன் ஓரத்தில்தான் வளர்ந்தன. வேலைக்குப் போகிறவரை நினைத்து ரயில் விட்டால் ஊர் எப்படி எழும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தமிழ்நாட்டில் இல்லை. அதே கம்பெனியின் பாம்பன் பாதையில் அந்த எண்ணம் எழவே இல்லை.

ஓடும் ரயிலிலிருந்து விழுந்த பத்திரிகைக் கட்டு

இரண்டாம் உலகப் போரின்போது ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசிவிட்டுப் போவார்கள். அவற்றை எடுத்துச் சேர்க்க உறவினருக்கு உதவிய சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அவர் முதன்முதலாகக் கூலி வாங்கியது அந்த வேலைக்குத்தான். மேல்படிப்புக்கு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தபோது அவர் விடுதியில் தங்கித்தான் படித்தார். ராமேசுவரத்திலிருந்து அந்தச் சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தை இன்று பிள்ளைகள் பஸ்ஸில் போய்த் திரும்புகிறார்கள்.

திரும்பி வராத பாசஞ்சர்

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் புயல் எழுப்பிய அலை அதை விழுங்கியது. ரயிலில் இருந்த நூறுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. முதன்மைத் தடத்தின் கடைசி நிலையம் இல்லாமல் போக, கிளைத் தடமாக இருந்த ராமேசுவரமே கடைசி நிலையமானது.

அமெரிக்கர்கள் கைவிட்டார்கள், நாம் 46 நாளில் கட்டினோம்

ஃபுளோரிடாவில் தீவுகளைக் கோத்துக் கீ வெஸ்ட் வரை போன கடல் ரயில்பாதை 1912இல் திறக்கப்பட்டது. 1935இல் சூறாவளி அதைச் சிதைத்ததும் ரயிலை அத்தோடு விட்டுவிட்டு, மிச்சமிருந்த பாலங்களின் மேல் சாலை போட்டார்கள். 1964 புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் நூறுக்கும் மேல் கடலில் விழுந்தன. சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே கணக்கிட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலடியில் கிடந்த கர்டர்களையே தேடித் தூக்கிப் பொருத்தி 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவரே.

காற்றே சிக்னல் போடும்

1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி சிக்னலோடு இணைந்திருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும். ரயில் கரையிலேயே நிற்கும். வேலைக்குத் தாமதமாகப் போனால் 'பாலத்தில் காற்று' என்று சொல்ல இந்த ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு. வெளியூர் அதிகாரிகள் அதைச் சாக்குப்போக்காக நினைக்கக் கூடாது.

1988 வரை பஸ் போகாத தீவு

மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் சாலைப் பாலத்துக்கு 1974 நவம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நீளம் 2.345 கிலோமீட்டர். அதுவரை தீவை விட்டு வெளியேற ரயிலும் படகும்தான். ரயில் போய்விட்டால் அடுத்த ரயில்தான். தினமும் வெளியூர் வேலைக்குப் போய் இரவு வீட்டில் சாப்பிடலாம் என்ற நிலை இந்தத் தீவுக்கு வந்து இன்னும் நாற்பது ஆண்டு ஆகவில்லை.

தீவில் ஓடும் கும்பகோணம் பஸ்

ராமநாதபுரம் மாவட்டப் பேருந்துகளின் பக்கவாட்டில் 'கும்பகோணம்' என்று இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம், காரைக்குடி மண்டலத்தில் இம்மாவட்டம் அடங்குகிறது. ஏறுவதற்கு முன் முகப்புப் பலகையைப் படியுங்கள், பக்கவாட்டை அல்ல.

பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரம் திருத்தியவர்கள்

1972இல் பேருந்துகள் அரசுடைமையாகும் முன் மதுரைச் சீமையில் பேர்பெற்றது டி.வி.எஸ். பஸ். அது வரும் நேரத்தை வைத்துக் கடிகார முள்ளைச் சரிசெய்ததாக மதுரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தினசரி வேலைக்குப் போகிறவருக்குக் குளிர்சாதனமும் மெத்தை இருக்கையும் பெரிதில்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தால் அதுவே பாதிச் சம்பளம்.

மாதம் 888 ரூபாய்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திட்டத்தின் பெயர் 'விடியல் பயணம்'. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு காட்டியது. கர்நாடகமும் தெலங்கானாவும் 2023இல் இதே வழியில் வந்தன. கடை வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளம் குறைவாக இருக்கும் ஊரில், பஸ் காசு மிச்சமாவதுதான் அந்த வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிறது.

மீன் கூடைக்கும் இடம் உண்டு

கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியச் சட்டியில் ஐஸோடு அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடி, தண்ணீர் சொட்டாமல் அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கடைசி இருக்கையின் ஓரத்தில் நகர்த்திவைத்துப் போகும் பெண்களைக் கடலோரப் பேருந்துகளில் பார்க்கலாம். அந்தச் சட்டிதான் அவர்கள் கடை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டபோது மாநிலமே கொதித்தது. முதல்வர் கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பொதுப் போக்குவரத்து என்றால் எல்லாத் தொழிலின் வாசனையும் அதில் ஏறும்.

சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை

மாத சீசன் டிக்கெட் மாநகரங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது 150 கிலோமீட்டர் தூரம் வரை எந்த ஊருக்கும் கிடைக்கும். ராமேசுவரத்திலிருந்து மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி எல்லாமே அந்த வரம்புக்குள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான். எந்தெந்த ரயிலில் செல்லும் என்பதை நிலையத்தில் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

அமாவாசையும் அலுவலகமும்

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் ராமேசுவரத்துக்கு மக்கள் வெள்ளம். சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள், ஆனாலும் உள்ளூர்க்காரருக்கு நிற்கக்கூட இடம் கிடைப்பது கடினம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் அதன் பின்னால் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கடல் அழகுதான். நீங்கள் நிறுத்திய காருக்குப் பின்னால் இருக்கும் பஸ்ஸில் ஒரு நர்ஸ் இரவுப் பணி முடித்தவரை விடுவிக்கப் போய்க்கொண்டிருக்கலாம்.

இரண்டே கால் ஆண்டு இல்லாத ரயில்

2022 டிசம்பர் 23 அன்று பாதுகாப்புக் காரணத்தால் பழைய பாலத்தில் ரயில் நின்றது. பிறகு ஓடவே இல்லை. ராமேசுவரம் ரயில்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிட, தீவின் பயணிகள் எல்லோரும் சாலைப் பாலத்தையே நம்பினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் உள்ள பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்படுகிறது. இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குக் கடல் பாலம் அது. அன்று அதன்மேல் போன முதல் ரயில் ராமேசுவரம் – தாம்பரம் எக்ஸ்பிரஸ்.

இரண்டாம் தண்டவாளத்துக்குத் தூண்கள் தயார்

புதிய பாலத்தில் இப்போது ஒரு தண்டவாளம்தான். அடித்தளமும் தூண்களும் இரண்டு தண்டவாளத்தைத் தாங்கும்படியே கட்டப்பட்டிருக்கின்றன. ஓடங்கள் யாத்திரிகர்களுக்காக ஓடின, முதல் ரயில் தபாலுக்காகவும் தேயிலைக்காகவும் வந்தது. இன்று ஓடும் விரைவு ரயில்களும் பெரும்பாலும் தூரத்து ஊர்க்காரருக்கும் கோயிலுக்கு வருவோருக்கும் ஏற்றவை. அவர்கள் வரட்டும், இந்த ஊரின் பிழைப்பு அவர்களால்தான். ஆனால் அலுவலக நேரத்துக்கு ராமநாதபுரம் போய்ச் சேரும் ரயிலும், மாலையில் திரும்பும் ரயிலும், அவை நின்று போகும் சின்னச் சின்ன நிலையங்களும் இங்கே வேண்டும். 1931இல் தாம்பரத்துக்குக் கொடுத்ததை அக்காள்மடமும் கேட்கலாம். பெரிய நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கில் வருகிறார்கள்; தீவில் வேலைக்குப் போகிறவர்களும் அதே கணக்கில் வர வேண்டும்.