வயலை விட்டு ஆலைக்குப் போகுமுன்

நெடுங்கல் அணையினின்று தென்பெண்ணை நீர் பெறும் பாரூர் ஏரிப் பாசனத்தில், இரண்டு ஏக்கர் உடைய அங்கத்தினர் ஒருவர் ஓசூர் ஆலைக்குப் போவதா என்று யோசிக்குங்கால், சம்பளத் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. கம்பெனி பஸ் ஊர் வாசலுக்கு வருகிறதென்று மயங்குதலும் வேண்டா. வேலை கம்பெனியின் நேர் வேலையா, காண்டிராக்டர் மூலம் வருவதா என்பதே முதற் கேள்வி. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால், பூர்த்தியான ஆண்டொன்றுக்கு 15 நாட் சராசரிச் சம்பளம் தரவேண்டுமென்பது சட்டம். அடிக்கடி நிறுத்திச் சேர்க்கப்படுபவருக்கு அவ்வுரிமை எளிதிற் கிட்டாது.

தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறிட்ட கோலார்த் தங்கச்சுரங்கமே 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. ஆதலின், போகிறவர் நிலத்தை விற்காது, தந்தையிடமோ தம்பியிடமோ சாகுபடிக்கு விடுதலும், சங்கப் பங்கைத் திரும்பப் பெறாதிருத்தலும் உசிதம். தவணைக்குள் அடைத்தால் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை.