குளிரில் வாழை ஏன் இனிக்க மறுக்கிறது?

பச்சை வாழைக்காயைப் பிரிஜ்ஜில் வைத்து ஒரு கிழமை கழித்து எடுத்துப் பாருங்கள். தோல் கறுத்திருக்கும், சதை காயாகவே இருக்கும். பிறகு வெளியில் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. ‘குளிரில வெச்சா எதுவும் கெடாது’ என்ற நம்பிக்கை வாழையிடம் பலிப்பதில்லை. காரணம் என்ன?

பச்சைக் காயின் சதையில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு மாப்பொருள். நன்றாகப் பழுத்ததும் அது ஓரிரு பங்காகக் குறைந்துவிடும். போனதில் பெரும்பகுதி வெல்லமாகிறது. இந்த வேலையைச் செய்பவை நொதியங்கள். ஒன்று மாப்பொருள் மணியில் பொசுபேற்றைச் சேர்த்து அதை இளக்குகிறது. அல்பா அமைலேசு சங்கிலியை நடுவில் வெட்டுகிறது. வேறொன்று கிளைகளைக் கழிக்கிறது. பீற்றா அமைலேசு நுனியிலிருந்து மோற்றோசாக நறுக்கி எடுக்கிறது.

இந்த நொதியங்கள் எந்நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஆக்கும் குறிப்பு கலத்தின் பரம்பரையலகில் இருக்கிறது. அந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டால்தான் நொதியம் உருவாகும். வாழையில் வாசிக்கத் தூண்டுவது எதிலீன் என்னும் வாயு ஓமோன். பீற்றா அமைலேசின் பரம்பரையலகு கூடுதலாக இயங்குவதும் மாப்பொருள் குறைவதும் சேர்ந்தே நடப்பதைப் பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

குளிர் இதில் இரண்டு இடங்களில் கை வைக்கிறது. முதலாவது, இருக்கும் நொதியத்தின் வேகம் குறைகிறது. இது தற்காலிகம், சூடு வந்தால் வேகமும் திரும்பும். இரண்டாவது, பரம்பரையலகு வாசிக்கப்படும் ஒழுங்கே குழம்புகிறது. வாழைக்கு ஏறத்தாழ 13 பாகை செல்சியசு எல்லை. அதற்குக் கீழே நெடுநேரம் இருந்தால் கலமென்சவ்வு சேதமடைந்து கசிகிறது, தோல் கறுக்கிறது, எதிலீனின் கட்டளைக்குக் காய் சரியாகப் பதில் சொல்வதில்லை. பிரிஜ்ஜின் உள்ளே 4 பாகை அளவுதான்!

அப்படியென்றால் குளிர் எல்லாப் பழத்தையும் இப்படித்தான் முடக்குமா? இல்லை. கிவிப்பழத்தில் கதை நேர்மாறு. அதில் சில பீற்றா அமைலேசுப் பரம்பரையலகுகளைக் குளிரே தட்டி எழுப்புகிறது. களஞ்சியத்தில் இருந்தபடியே மாப்பொருள் வெல்லமாகிறது. பழமல்லாத உருளைக்கிழங்கும் கடுங்குளிரில் இனிக்கும். அதைப் பொரித்தால் கருகினாற்போல் நிறம் மாறுவது அதனால்தான். கிவி சீனத்து மலைக்காடுகளில் பனிக்காலம் கண்ட கொடி. உருளைக்கிழங்கு அந்தீசு மலையில் பிறந்தது. வாழையோ வெப்பநாட்டுப் பயிர். ஆகவே குளிர் என்பது எல்லாவற்றுக்கும் போடும் ஒரே பூட்டு அல்ல. அது ஒரு செய்தி; ஒவ்வொரு பயிரும் தன் பரம்பரைப்படி அதை வாசிக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. நோன்பு காலத்தில் சீப்புக் கணக்கில் வாங்கும்போது காயாக இருப்பதை வெளியிலேயே பழுக்க விடுங்கள். பழுத்த பிறகு மிஞ்சுவதைப் பிரிஜ்ஜில் வைக்கலாம். தோல் கறுத்தாலும் பயமில்லை; மாப்பொருள் வெல்லமாகும் வேலை அதற்குள் முடிந்துவிட்டது. காயை மொத்தமாகச் சேமிக்கும் வியாபாரிக்கோ ஒரு பாகைக் கணக்கும் காசுதான். 13, 14 பாகையில் வைத்தால் பழுப்பது தள்ளிப்போகும்; அதைவிடக் குளிர்ந்தால் சரக்கே வீணாகும். இந்த எல்லை வகைக்கு வகை சற்று மாறும். ஆகவே கோழிக்கூட்டுக்கும் ஆனைவாழைக்கும் குளிர்க் களஞ்சியம் கட்டுமுன், அந்தந்த வகையின் எல்லையை அளந்து பார்ப்பதே புத்தி.