இன்சுலினை ஏன் விழுங்க முடியாது?

உங்கள் வகுப்பிலோ தெருவிலோ யாராவது ஒரு பிள்ளை, சாப்பிடுவதற்கு முன்னால் வயிற்றிலோ தொடையிலோ சின்ன ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கலாம். அது இன்சுலின். காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, தலைவலிக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பலமுறை குத்திக்கொள்ள வேண்டிய இதற்கு மட்டும் ஏன் மாத்திரை இல்லை?

முதலில் இன்சுலின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது ஒரு ஹார்மோன். உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தோடு போய், வேறிடத்தில் இருக்கும் செல்களுக்குச் சேதி சொல்லும் பொருளைத்தான் ஹார்மோன் என்கிறோம். சோறோ இட்லியோ சாப்பிட்டதும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. வெறும் வயிற்றில் இருக்கும் பெரியவர் ஒருவரின் ரத்தம் முழுவதிலும் உள்ள குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி அளவு! அது கூடினால் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் உடனே கண்டுகொண்டு இன்சுலினைச் சுரக்கும்.

சேதி சொல்ல இன்சுலின் தசைச் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. செல்லின் மேற்பரப்பில் ‘ஏற்பி’ என்ற புரதம் இருக்கிறது. அதில் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறும். அதனால் உள்ளே இருக்கும் இன்னொரு புரதம் தூண்டப்படும், அது அடுத்ததைத் தூண்டும். கடைசியில், செல்லுக்குள் சும்மா இருந்த குளுக்கோஸ் கடத்தும் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எல்லாம் நடந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், கல்லீரலும் மிச்சமான குளுக்கோஸைக் கிளைகோஜன் என்ற பொருளாகச் சேமித்து வைக்கத் தொடங்கும்.

இன்சுலின் ஏற்பியில் சரியாகப் பொருந்துவதற்குக் காரணம் அதன் வடிவம். அந்த வடிவம் எப்படி வந்தது? இன்சுலினும் ஒரு புரதம்தான். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து கலந்து கட்டிய பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் பூக்களுக்குப் பதில் அமினோ அமிலங்கள், மொத்தம் 20 வகை. எந்த வகைக்குப் பக்கத்தில் எந்த வகை வருகிறது என்பதைப் பொறுத்துச் சரம் தானாகவே மடிந்து சுருண்டு தன் வடிவத்தை அடைகிறது. இன்சுலினில் இரண்டு சரங்கள். ஒன்றில் 21, இன்னொன்றில் 30, ஆக 51 அமினோ அமிலங்கள். கந்தக அணுக்கள் இரண்டையும் பிணைத்து வைத்திருக்கின்றன.

இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வேலை செய்த ஃபிரெடரிக் சாங்கர். உலகத்தில் முதன்முதலாக வரிசை முழுவதும் தெரியவந்த புரதம் இன்சுலின்தான். 1958-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வரிசை தெரிந்தாலும் வடிவம் தெரியவில்லையே! அதை எக்ஸ்-கதிர்களைக் கொண்டு தேடியவர் டோரதி ஹாட்ஜ்கின். 1930-களின் நடுவில் தொடங்கிய தேடல் 1969-இல்தான் முடிந்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நாம் தின்னும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின் முதலான செரிமானப் பொருள்கள் அந்தச் சரங்களை அறுத்து, பூக்களைத் தனித்தனியாக உதிர்த்துவிடும். அப்படி உதிர்த்தால்தான் உடம்பு தனக்கு வேண்டிய புரதங்களைப் புதிதாகக் கட்ட முடியும். இன்சுலினை விழுங்கினாலும் இதே கதிதான். இது மருந்து, இது சாப்பாடு என்று வயிற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அமினோ அமிலங்கள் மிஞ்சும், சேதி சொல்லும் வடிவம் போய்விடும்.

டிரிப்சினாக மாறும் பொருளைச் சுரப்பதும் அதே கணையம்தான். கனடாவின் டொராண்டோவில் 1921-இல் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்றபோது, கணையத்தை அரைத்தால் அதன் செரிமானப் பொருள்களே இன்சுலினை அழித்துவிடும் என்று பான்டிங் நினைத்தார். ஜான் மக்லியாட் ஆய்வுக்கூடம் தந்து வழிகாட்டினார். ஜேம்ஸ் காலிப் ஆல்கஹாலைப் பயன்படுத்தி இன்சுலினைச் சுத்தமாக்கினார். 1922 ஜனவரியில் நீரிழிவு நோய் இருந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி அவ்வளவாகப் பலன் தரவில்லை. காலிப் சுத்தமாக்கிய மருந்தைப் போட்டதும் ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்பு, இந்த நோய் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. தாம்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு, மிட்டாய் அதிகம் தின்றதால் வருவதில்லை. உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருகிறது. இந்த நோய் உள்ள பிள்ளையை யாராவது குறை சொன்னால், அப்படியில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஹார்மோன் எதையுமே விழுங்க முடியாதா? முடியும். தைராய்டு குறைவு உள்ளவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒரு ஹார்மோன்தான். அதன் பெயர் தைராக்ஸின். அது நீளமான சரம் இல்லை, டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் மிகச் சின்னப் பொருள். அறுப்பதற்கு அதில் சரமே இல்லாததால் குடல் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

சரமாக இருந்தாலும் வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடலில் சுரக்கும் வேறொரு ஹார்மோனைப் போலவே செய்த செமாகுளூடைட் என்ற சரத்துக்கு 2019-இல் மாத்திரை வந்துவிட்டது. இரைப்பையில் அதைக் காத்து, ரத்தத்தில் சேர்க்க ஒரு துணைப்பொருளைக் கலந்திருக்கிறார்கள். அப்படியும் விழுங்கியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது, அதுவும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடும், குறையும். அந்த மருந்துக்கு அது பரவாயில்லை. இன்சுலின் அப்படி இல்லை. கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்துக் கை நடுங்கும், மயக்கம்கூட வரலாம். ஊசியில் அளவு நம் கையில் இருக்கிறது. அந்த அளவை மாத்திரையில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் விஞ்ஞானிகள் இன்றைக்கும் முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி.