கடினமாக்கி கூடினால் கடினம் கூடுமா?

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோவிலில் 2017 பிப்ரவரி 6-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. குடமுழுக்கு என்றதும் கோபுரக் கலசமும் கூட்டமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கோவில்களில் அச்சமயம் ஓர் ஒட்டு வேலையும் உண்டு. சிலைக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள இடுக்கை அட்டபந்தனம் என்னும் கலவையால் அடைப்பார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலான எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்தது அது. இடிக்க இடிக்கச் சூடேறி இளகும். அப்பியபின் ஆறி இறுகும். பெரும்பாலும் இது மெழுகு உறைவது போன்ற மாற்றமே. மீண்டும் சூடேற்றினால் இளகிவிடும்.

ஒழுகும் குழாய்க்கு நாம் வாங்கும் எம்-சீல் இப்படி இறுகுவதில்லை. அதில் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்றில் எப்பாக்சி பிசின், மற்றதில் கடினமாக்கி. தனித்தனியே வைத்தால் பல மாதங்கள் மென்மையாகவே கிடக்கும். சேர்த்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். பிறகு சூடேற்றினாலும் பழையபடி களிமண் ஆகாது. ஏன்?

பிசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சிறு முக்கோண வளையங்கள் உள்ளன. கடினமாக்கியில் நைட்ரஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அத்தகைய ஒரு ஹைட்ரஜன் ஒரு வளையத்தைத் திறக்கும். அந்த இடத்தில் நைட்ரஜனும் பிசினும் பிணைந்துவிடும். ரவிக்கையில் தைக்கும் கொக்கியையும் காதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நூறு காதுக்கு நூறு கொக்கி போதும். நூற்றைம்பது கொக்கி இருந்தால் ஐம்பது சும்மா தொங்கும். அதாவது இங்கே கடினமாக்கி வெறும் தூண்டுகோல் அல்ல. கட்டடத்தின் பாதிச் செங்கல் அதுதான்! கூடுதலாகப் போட்டால் மிச்சம் உள்ளேயே தங்கி அடைப்பு பிசுபிசுக்கும், நீரையும் உறிஞ்சும். குறைந்தாலும் வலை முழுமையாகப் பின்னப்படாது. கோடையில் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகலை அடைத்தவர், மறுநாள் தொட்டி காலியாகக் கிடப்பதைக் காண்பதற்கு இது ஒரு காரணம்.

“சீக்கிரம் காயட்டும், கடினமாக்கியைக் கொஞ்சம் கூட்டு” என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு வாகனப் பட்டறையிலிருந்து வந்திருக்கலாம். நசுங்கிய தகட்டுக்குப் பட்டி பார்க்கும்போது பயன்படுவது பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. அதற்கு நூறு கிராமுக்குச் சுமார் இரண்டு கிராம் பெராக்சைடு பசை போதும். அது உண்மையாகவே தீக்குச்சி. வினையைத் தொடங்கி வைக்கும். கூட்டினால் வேகமும் கூடும் (அளவு மீறினால் சூடாகி வெடிப்பு விடும் என்பது வேறு கதை). இரண்டுக்கும் “ஹார்டனர்” என்றே பெயர் வைத்ததுதான் குழப்பம்.

அளப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஆரால்டைட் ஸ்டாண்டர்டு பசையைக் கன அளவில் சமமாகக் கலக்க வேண்டும். ஆனால் தராசில் வைத்தால் 100 கிராம் பிசினுக்கு 80 கிராம் கடினமாக்கிதான்! பிசினின் அடர்த்தி அதிகம் என்பதே காரணம். ஆகவே உறையில் எழுதியிருப்பது எடையா, கன அளவா என்று முதலில் பாருங்கள். எம்-சீலுக்குச் சம அளவு. இரு நிறமும் கலந்து கோடு தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அங்கே கொக்கியும் காதும் இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள்.

விரைவாக இறுக வேண்டுமானால் வெப்பம் உதவும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். திருவண்ணாமலையின் மே மாதத்து 40 டிகிரியில் கலவை கையிலேயே இறுகத் தொடங்கலாம். வினையும் தன் பங்குக்கு வெப்பம் வெளியிடும். பெரிய உருண்டையில் அது வெளியேற வழியில்லாமல் தேங்கும். எனவே நிழலில், வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்.

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கடினமாக்கி தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் வரக்கூடும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். பட்டாணி அளவில் மூன்று உருண்டைகள்: ஒன்றில் இரண்டும் சமம், ஒன்றில் பிசின் இரு மடங்கு, ஒன்றில் கடினமாக்கி இரு மடங்கு. தகரத் துண்டில் ஒட்டி, மறுநாள் ஆணியால் கீறிப் பாருங்கள். மூன்றாவதை மட்டும் விரலால் தொட வேண்டாம்.