குற்றம் நிகழ்ந்த மனையில் ஒரு கண்காட்சி

பெர்லின் நகரின் நடுவே, இன்று நீடர்கிர்ஷ்னர் வீதி என்று வழங்குவதும் நாஜிகளின் காலத்தில் பிரின்ஸ் ஆல்பிரெக்ட் வீதி என்று பெயர் பெற்றிருந்ததுமான தெருவின் ஓரத்தில், தூணும் சிலையும் இன்றிச் சாம்பல்நிறச் சல்லி பரப்பிய வெட்டவெளி ஒன்று இருக்கிறது. 1933 முதல் 1945 வரை கெஸ்டபோ என்னும் இரகசியப் போலீஸின் தலைமையகம் அமைந்திருந்த மனை அதுவே; ஹிம்லர் தலைவராயிருந்த எஸ்.எஸ். என்னும் நாஜிப் படையின் தலைமையும், அதில் ஹைட்ரிஷ் நடத்திய உளவுப் பிரிவும் அதை அடுத்தே இயங்கின. கிழக்கு முனையில் யூத ஜனங்களை ஊர் ஊராகச் சுட்டுக் குவித்த கொலைப்படைகள் அனுப்பிய எண்ணிக்கைகளைத் தொகுத்து, தட்டச்சு செய்து, பிரதியெடுத்து, மேலிடத்தின் பார்வைக்கு அனுப்பிய உத்தியோகஸ்தர்கள் நாள்தோறும் வேலைக்கு வந்துபோன இடம் இது. தலைமையகத்திலேயே இருந்த சிறையில் ஜார்ஜ் எல்சர், டீட்ரிஷ் போன்ஹோஃபர் முதலிய எதிர்ப்பாளர்கள் அடைபட்டு விசாரணைக்கு உள்ளாயினர்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், குண்டுவீச்சில் சிதைந்து நின்ற சுவர்களை ஐம்பதுகளில் இடித்து அகற்றினார்கள். 1961-ல் பெர்லின் சுவர் அந்நிலத்தின் விளிம்பை ஒட்டி எழுந்தது. கட்டட இடிபாடுகளைக் கொட்டும் களமாகவும், லைசென்ஸ் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பார்க்கும் மைதானமாகவும் அது ஆயிற்று. ஒரு தேசம் தன் சரித்திரத்தை மறக்க விரும்பினால் அதற்கு ஆணை ஒன்றும் பிறப்பிக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை வேறு காரியத்துக்கு விட்டுவிட்டாலே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

1985 மே மாதத்தில், யுத்தம் முடிந்து நாற்பது ஆண்டுகள் நிறைவெய்திய வேளையில், மண்வெட்டிகளோடு அங்கே வந்து நிலத்தைக் கொத்தியவர்கள் சாதாரணப் பிரஜைகள். அவர்களுடைய வற்புறுத்தலின் பின்னரே முறையான அகழ்வு நடந்து, நிலவறைச் சுவர்களும் சிறையின் அஸ்திவாரமும் வெளிப்பட்டன. பெர்லினின் 750-ஆம் ஆண்டு விழாவையொட்டி 1987-ல் தற்காலிகமாகத் திறந்த ‘டோபோகிராஃபி டெஸ் டெரர்ஸ்’ (பயங்கரத்தின் நிலவரைவு) என்னும் கண்காட்சியை, ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தமையால் மூட முடியாமற்போயிற்று. 1992-ல் அதற்கென ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. 2010-ல் நிரந்தரக் கட்டடம் எழுந்தது. நுழைவுக் கட்டணம் இன்றுவரை இல்லை.

உள்ளே வைத்திருப்பவை பெரும்பாலும் புகைப்படங்களும் தஸ்தாவேஜுகளுமே. நாஜிகள் இனத்தின் பேரில் விலக்கியவரோடு உறவு கொண்டாள் என்று ஒரு பெண்ணின் தலையை மழித்து நடுவீதியில் நிறுத்தும் காட்சிகளைக் கூர்ந்து நோக்கினால், அவளைவிடச் சுற்றி நிற்கும் கூட்டமே நம்மைக் கலங்க வைக்கிறது. வேடிக்கை பார்க்கும் முகங்களில் சிரிப்பு இருக்கிறது. பலியானவருக்காகக் கண்ணீர் வடிப்பது எந்த மனத்துக்கும் இயலும். இழைத்தவரையும், உடன்பட்டு நின்றவரையும் பெயரோடும் பதவியோடும் காட்டுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

அத்துணிவுக்குச் சத்தியத்தின் கட்டுப்பாடும் வேண்டும். ஹாம்பர்க் சமூக ஆராய்ச்சி நிறுவனம், ஜெர்மானிய ராணுவமும் கொலைகளில் பங்கேற்றது என்பதை நிறுவி 1995 முதல் ஊர் ஊராக வேறொரு கண்காட்சி நடத்தியபோது, அதை எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. 1999-ல் சார்ப்ரூக்கன் நகரில் வெடிகுண்டே வெடித்தது. ஆயினும் சில படங்களின் விளக்கங்கள் பிழையானவை என்று சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியபோது, அந்நிறுவனம் கண்காட்சியை நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. 1,433 படங்களில் இருபதுக்கும் குறைவானவையே பொருந்தாதவை, மூலக்கருத்து சரியே என்று குழு முடிவு கூறிற்று. 2001-ல் திருத்திய கண்காட்சி மீண்டும் வெளிவந்தது. பழியைச் சுமத்துவோர் தம் சான்றுகளை இத்தனை கண்டிப்போடு சோதித்துக்கொள்வதே, மறுப்போரின் வாயை அடைக்கும் வழி.

கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில், சாட்சி சொல்லும் பொறுப்பு இத்தகைய புகைப்படங்களின்மேலும் தஸ்தாவேஜுகளின்மேலும் விழுகிறது. பேரப்பிள்ளைகள் பாட்டன்மாரின் பாவத்தைச் சுமக்கவேண்டும் என்பது அவற்றின் நோக்கமன்று. எந்தக் கொடுமையும் எங்கோ ஒரு மேஜையில், யாரோ ஒருவர் இட்ட கையெழுத்தில் தொடங்குகிறது. கையெழுத்திடுவதும் ஒரு செயலே, அதற்கும் கணக்குக் கேட்கப்படும் என்பதை உத்தியோகம் பார்க்கும் ஒவ்வொரு மனிதனும் உணர்ந்திருக்க வேண்டும். அந்த உணர்வை வளர்ப்பதற்காக ஒரு நகரம் தன் நடுவே விலை உயர்ந்த மனையை ஒதுக்கிவைத்திருப்பது, மனித குலத்துக்கே செய்த தொண்டாகும்.