உள்ளித் தீயலும் எங்கள் மணியும்!

எனக்கு வயது 58. திருநெல்வேலி டவுணில், என் மாமியாரோடு வசிக்கிறேன். ஒரே மகள் திருமணமாகி கோவையில் இருக்கிறாள். வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு. அவன் பெயர் மணி. நாலு கால், வெள்ளை ரோமம், ஏழு கிலோ எடை!

'நாய்க்கு என்ன சாப்பாடு போடுவது என்பதெல்லாம் ஒரு விஷயமா?' என்று சில சகோதரிகள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கள் மணியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வீட்டுக்காரர் 2016-ல் மணியைக் குட்டியாக வாங்கி வந்தார். 'பொமரேனியன்' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். 'இது இந்தியன் ஸ்பிட்ஸ்' என்று டாக்டர் பிறகு சொன்னார். எந்த ஜாதியானால் என்ன... வந்த அன்றே அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டது.

மணிக்குச் சாப்பாடு வைப்பது அவருடைய வேலை. காலையில் கடையில் விற்கும் நாய்த் தீனி, ராத்திரி கொஞ்சம் தயிர்ச்சோறு, வேகவைத்த காரட். உப்பு கூடப் போட மாட்டார். எனக்கோ மனசு கேட்காது.

"வாயில்லா ஜீவனுக்கு இப்படி உப்புச் சப்பில்லாமப் போடுறீங்களே... ஒரு கரண்டி குழம்பு ஊத்தினா என்ன?" என்பேன்.

"உன் குழம்பை நான் சாப்பிடுறேன். அதுக்கு ஊத்தாதே" என்பார் சிரித்துக்கொண்டே.

என் சமையலைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மணிக்கு அது எப்படிப் புரியும்? வாசல் நடையில் படுத்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. தீனியை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

மூன்றாம் நாள் என் தட்டில் இருந்த குழம்புச் சோற்றைப் பிசைந்து கையில் வைத்து நீட்டினேன். நக்கிப் பார்த்தான். பிறகு கை காலியாகும் வரை சாப்பிட்டான். எனக்கு அழுகை பொங்கி வந்துவிட்டது. அவர் போன பிறகு, என் சமையலை ருசித்துச் சாப்பிட ஒரு ஜீவன் கிடைத்ததே என்ற ஆறுதல்தான்.

அன்றிலிருந்து தினமும் குழம்புச் சோறுதான். சாம்பார், சொதி, மிஞ்சிய வடை, காபியோடு நாலு மேரி பிஸ்கட்... 'பார்த்தீங்களா, என் கையால எப்படிச் சாப்பிடுறான்!' என்று போட்டோவில் இருந்தவரிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட மணிக்கு உசிர், உள்ளித் தீயல். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தை உள்ளி என்போம். தேங்காயை வறுத்து அரைத்து, உள்ளியை முழுசு முழுசாகப் போட்டு வைக்கும் புளிக்குழம்பு இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்து, கடைசியில் வரவில்லை. சட்டி நிறையத் தீயல் மிஞ்சிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மணிக்கு அதுதான் விருந்து. அடியில் தங்கிய உள்ளியை எல்லாம் அவனுக்கே வழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை மணி படியேறவில்லை. இரண்டு எட்டு வைப்பான், மூச்சு வாங்க நின்றுவிடுவான். "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்று என் மாமியார் மிளகாய் வத்தலும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நானும் அதை நம்பி அரை நாளை வீணாக்கினேன். சாயங்காலம் புறவாசலில் அவன் சிறுநீர் கழித்ததைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. பால் விடாத டீ மாதிரி ஒரு நிறம்! வாயைத் திறந்து பார்த்தால், ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். டாக்டர் சின்ன வயதுப் பெண். ஈறைப் பார்த்ததுமே அவர் கேட்ட முதல் கேள்வி:

"அம்மா, இந்த நாலைஞ்சு நாள்ல என்ன சாப்பிட்டுச்சு?"

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, டாக்டர் முகம் மாறியது.

"வெங்காயம் நாய்க்கு விஷம்மா. அதுல இருக்கற கந்தகச் சத்து, நாயோட ரத்தத்துல இருக்கற சிவப்பு அணுவையெல்லாம் உடைச்சிடும். பூண்டும் அப்படித்தான். பச்சையா குடுத்தாலும், வேகவச்சுக் குடுத்தாலும், பொடியாக் குடுத்தாலும் விஷம் போகாது. சாப்பிட்ட உடனே ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் காட்டும்."

"நாங்க எல்லாரும் அதைத்தானே சாப்பிடுறோம் டாக்டர்?"

"நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாய் நம்ம வீட்டுப் பிள்ளைதான். ஆனா உடம்பு நம்ம உடம்பு இல்லையே!"

ஒரு கிலோ எடைக்கு ஐந்து கிராம் வெங்காயம் போனாலே ரத்தம் கெட ஆரம்பிக்கலாமாம். மணிக்குக் கணக்குப் போட்டால் 35 கிராம். ஒரு கைப்பிடி உள்ளி, அவ்வளவுதான். நான் போட்டது எத்தனை கைப்பிடியோ!

ரத்தப் பரிசோதனையில் சிவப்பு அணுக்களின் அளவு 19 சதவீதம் என்று வந்தது. நல்ல நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டுமாம். 'இதுக்குன்னு மாற்று மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏத்திப் பார்ப்போம். இன்னும் இறங்கினா வேற நாயோட ரத்தம் ஏத்தணும்' என்றார். மூன்று நாள் நடையாய் நடந்தேன். மேஜை மேல் ஊசியோடு படுத்திருந்த மணி, என்னைப் பார்த்ததும் வாலை மட்டும் ஒரு தரம் அசைத்தான். விஷம் வைத்த கை என்று தெரியாமல் என் கையையே நக்கினான். அந்த நிமிஷம் நான் பட்ட வேதனையை எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன்.

எந்தத் தெய்வம் செய்த புண்ணியமோ, ரத்தம் அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு வாரத்தில் 24, ஒன்றரை மாதத்தில் 38. 'பிழைச்சிட்டான்' என்றார் டாக்டர்.

சரி, இனி என்ன போடுவது? டாக்டரிடமே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

சோறு நாய்க்கு ஆகாது என்பது தவறு. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு அதிகப் பிரதிகளாக இருக்கிறதாம். 2013-ல் வெளியான ஆராய்ச்சி இது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து, நம் சோற்றுக்கு அதன் உடம்பும் பழகிவிட்டது. ஆனால் வெறும் சோறு வயிற்றை நிரப்புமே தவிர, உடம்பைக் காக்காது. புரதம் வேண்டும். கறி மட்டும் போட்டாலும் தவறுதான். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. வளரும் குட்டிக்கு எலும்பே வளைந்துபோகும்.

பூனைக்கு மாமிச உணவு அவசியம். நாய்க்கு அப்படியில்லை. நன்றாகத் திட்டமிட்டால் சைவத்திலும் வளர்க்கலாம். ஆனால், "உங்க பருப்பும் சோறும் மட்டும் போதாதும்மா. ஒரு முட்டை சேர்த்தா சுலபமாப் போயிடும்" என்றார்.

முட்டை! அங்கேதான் சிக்கல். எங்கள் வீடு சுத்த சைவம். என் மாமியாருக்கு அப்போது 81 வயது. முட்டை ஓடுகூட எங்கள் நடையைத் தாண்டியதில்லை.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னேன். அத்தை பேசவே இல்லை. பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். 'அவ்வளவுதான், இன்றைக்குப் பெரிய சண்டைதான்' என்று பயந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து கேட்டார்:

"ஏளா... அவன் இருந்தா என்ன செய்வான்?"

அவர் மகனைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. "வாங்கிட்டு வந்திருப்பாங்க அத்தை" என்றேன்.

"அப்போ புறவாசல்ல தனியா ஒரு அடுப்பு வை. தனிச் சட்டி. அடுக்களைப் பக்கம் வரப்படாது. நம்ம ஆசாரம் நமக்கு. அது என்ன பாவம் செஞ்சுது?"

ஒரு மின் அடுப்பும் ஒரு சின்னச் சட்டியும் புறவாசலுக்குப் போயின. அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்தது!

அதோடு கஷ்டம் முடியவில்லை. குழம்புக்குப் பழகிய நாக்கு, உப்பில்லாததைத் தொடுமா? மணி ஒன்றரை நாள் சாப்பிடவில்லை. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தான். "ஒரே ஒரு கரண்டி சாம்பார் ஊத்தேன்ளா, பாவம்லா!" என்று அத்தையும் அவனோடு சேர்ந்துகொண்டார். நான் அசையவில்லை. ஊற்றுவது எவ்வளவு சுலபம், ஊற்றாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அத்தனை வருஷம் அவர் சிரித்துக்கொண்டே செய்தது இந்தக் கஷ்டமான வேலையைத்தான். கஞ்சத்தனம் என்று நினைத்தேனே! இரண்டாம் நாள் ராத்திரி தட்டு காலி.

இப்போது மணிக்குக் காலையில், பெரிய நாய்க்கான 'முழுமையான உணவு' என்று பையில் அச்சிட்ட தீனி. எடை பார்த்து அளந்து வைக்கிறேன். ராத்திரி கொஞ்சம் சோறு, நன்றாக வெந்த ஒரு முட்டை, வேகவைத்த காரட் அல்லது பூசணி, ஒரு கரண்டி தயிர். டாக்டர் எழுதிக் கொடுத்த சுண்ணாம்புச் சத்துப் பொடியும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்து அளவை மாற்றித் தருகிறார்.

நாய் வளர்க்கும் சகோதரிகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில:

* வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் வேண்டாம். 'குழம்பு மட்டும்தானே, காயை எடுத்துவிட்டேனே' என்று சமாதானம் சொல்லாதீர்கள். சாறு குழம்பில்தான் இருக்கிறது.

* பாயசத்தில் போடும் கிஸ்மிஸ், திராட்சைப் பழம் இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் சூயிங்கம்மில் சைலிட்டால் சேர்ப்பதுண்டு. அது உயிருக்கே ஆபத்து.

* அசைவ வீடுகளில் வேகவைத்த கோழி எலும்பைப் போட வேண்டாம். அது சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். கறியை எலும்பு, மசாலா இல்லாமல் வேகவைத்துப் போடுங்கள்.

* வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் வரும். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பச்சை முட்டை வேண்டாம்.

* நான் கொடுத்த நாலு மேரி பிஸ்கட் ஏறத்தாழ 100 கலோரி. மணிக்கு ஒரு நாளைக்குத் தேவையே சுமார் 400 தான்! தின்பண்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

* சாப்பாட்டைத் திடீரென்று மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். விஷமானதை மட்டும் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

* சோர்வு, வெளுத்த ஈறு, சிறுநீரில் நிறமாற்றம்... இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். திருஷ்டி கழிப்பதை வந்து வைத்துக்கொள்ளலாம்!

எங்கள் பக்கம் 2012 முதல் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. உங்கள் ஊரிலும் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும். குட்டி வாங்கிய அன்றே 'என்ன போடலாம்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாய்க்கும் வயது, எடை, நோய் பார்த்துச் சாப்பாடு மாறும். மணிக்குச் சொன்னது உங்கள் நாய்க்கு அப்படியே பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். புறவாசல் அடுப்பு வந்த புதிதில், வெள்ளிக்கிழமை மட்டும் முட்டை வேண்டாம் என்று நானாகவே ஒரு முடிவெடுத்து, வெறும் தயிர்ச்சோறு வைத்தேன். ஈஸிசேரில் இருந்தபடியே தட்டை எட்டிப் பார்த்தார் அத்தை.

"முட்டை எங்களா?"

"வெள்ளிக்கிழமையாச்சே அத்தை..."

"அது நமக்கு. அவனுக்கு என்ன வெள்ளி, செவ்வாய்? போய் வச்சுட்டு வா. பசிக்கும்லா!"

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். மணி எனக்கு முன்னால் ஓடினான்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி டவுண்.