மட்பாண்டத்தில் வைத்த உறுதி

எருசலேம் முற்றுகைக்குள் இருந்த காலம். ஊர் பறிபோகப் போகிறது என்று தெரிந்தும் எரேமியா தீர்க்கதரிசி அனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மட்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் (எரேமியா 32). திரும்பி வருவோம் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பத்திரமே சாட்சி.

திருக்கோவில் பகுதி விவசாயக் குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல. 1990இல் ஓடிய ஓட்டத்தில் பலரின் காணிப் பத்திரங்கள் வீட்டோடு போயின. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எஞ்சியதையும் அள்ளிச் சென்றது. மிஞ்சியவை ஒன்று பெட்டியில், ஒன்று மகள் வீட்டில், ஒன்று கைத்தொலைபேசியில் எனச் சிதறிக் கிடக்கின்றன. காணிக் கச்சேரி நாளில் வேண்டிய ஒன்று கையில் இராது.

இவற்றை ஒன்றுசேர்க்க இன்றைய மட்பாண்டம் பி.டி.எப். கோப்பு. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இவ்வடிவம் 2008இல் சர்வதேச நியமமாயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் குலையாது. பல கோப்புகளை ஒன்றாக இணைக்கவும் முடியும்.

முதலில் ஒவ்வொரு பத்திரத்தையும் நல்ல வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய, முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள். பின்னுரித்தாளியின் பெயர் உள்ள பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கோப்புகளுக்கு 01, 02, 03 என்று பெயரிடுங்கள். வெறும் 1, 2 என்று இட்டால் சில கணினிகள் 10ஐ 2க்கு முன்னே வைத்துவிடும். கோரிக்கைக் கடிதம், அடையாள அட்டை, உத்தரவுப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம், நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டுகள், இடம்பெயர்ந்ததற்கான கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று வரிசைப்படுத்தி இணையுங்கள். இணைத்தபின் பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

அறியாத இணையத்தளங்களில் அடையாள அட்டையை ஏற்ற வேண்டாம். கடையில் செய்வித்தால் உங்கள் கோப்பை அழிக்கும்வரை நின்று பாருங்கள்.

ஏதேனும் பத்திரம் இல்லையா? பிரதேச செயலகத்தில் உள்ள பதிவின் பிரதியைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள்: இணைத்த கோப்பு பிரதிதான், மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். எரேமியாவும் இரண்டு பிரதிகளைத்தான் வைத்தார்.